கத்திரி வெயிலில் பயாஸ் அமைத்தல்: வீட்டில் கட்டிய 80 வாட் ஆம்ப்ளிஃபயர்

இரண்டு சேனல்கள் கொண்ட, ஒவ்வொரு சேனலிலும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 80 வாட் தரக்கூடிய கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அம்பாசமுத்திரத்தில் என் வீட்டு மேசையில் கட்டி முடித்திருக்கிறேன். போர்டில் பாகங்களைப் பொருத்தி சால்டர் வைப்பதற்கு ஆன நேரம் குறைவு. வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது பயாஸை, சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஓரிடத்தில் நிற்கச் செய்வதற்குத்தான் அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆயிற்று. சர்க்யூட் வரைபடங்கள் பலவற்றிலும் 'பிரீசெட் என்னும் திருகு ரெசிஸ்டரைத் திருப்பி இவ்வளவு மில்லிவோல்ட் வையுங்கள்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும் இந்தப் பகுதியை விரிவாக எழுதிவைப்பது, நெல்லைச் சீமையின் வெயிலில் இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அமைப்பில் புதுமை ஏதும் இல்லை. 1956இல் ஆர்சிஏ நிறுவனத்தின் எச். சி. லின் வெளியிட்ட மூன்று நிலை அமைப்பின் வழிவந்ததுதான் இதுவும். உள்ளீட்டில் 2என்5401 ஜோடி, அடுத்து மின்னழுத்தத்தைப் பெருக்கும் எம்ஜேஇ340, அதன்பின் டிரைவர்களாக டிஐபி41சி, டிஐபி42சி, வெளியீட்டில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ஜோடி. வெளியீட்டு எமிட்டர்களில் 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்கள். டிரான்ஸ்ஃபார்மர் 30-0-30 வோல்ட், 5 ஆம்பியர்; பிரிட்ஜும் பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் கடந்து வரும் மின்னழுத்தம் இருபுறமும் 41 வோல்ட். பம்ப்செட்டுகள் ஓயும் நேரத்தில் எங்கள் பகுதியில் வீட்டு மின்சாரம் 240 வோல்ட்டைத் தாண்டுவதும் உண்டு என்பதால், இரு முனைகளுக்கும் இடையே 90 வோல்ட் வரை வரக்கூடும் என்று வைத்தே டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தேன். 80 வோல்ட் மட்டுமே தாங்கும் பிடி139 டிரான்சிஸ்டரை எம்ஜேஇ340 இருக்கும் இடத்தில் வைக்க முடியாததற்கும் அதுவே காரணம். பயாஸ் பகுதியில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வராது என்பதால் அங்கே மட்டும் பிடி139 இருக்கிறது.

வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 5200, 1943 என்று எண் அச்சிட்ட போலிகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. திருநெல்வேலியில் வாங்கிய ஒரு தொகுதியில் மின்பெருக்கம் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறியதால், அவற்றில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். 150 வாட், 15 ஆம்பியர் தாங்க வேண்டிய பாகத்துக்குள் மிகச் சிறிய சிலிக்கன் சில்லு ஒன்றுதான் இருந்தது. அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டு வேறிடத்தில் வாங்கினேன். உண்மையான 5200இல் மின்பெருக்கம் 55 முதல் 160க்குள் இருக்கும். ஒரே தொகுதியில் வாங்கியவை நெருங்கியும் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பலிகொடுத்து உடைத்துப் பார்ப்பதே மலிவான வழி.

முதன்முதலில் மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் போர்டு கட்டாயம் வேண்டும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து, பிரீசெட்டை மிகக் குறைந்த பயாஸ் வரும் நிலைக்குத் திருப்பி, உள்ளீட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இணைக்காமல் சுவிட்சைப் போட்டேன். பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கியது. கெப்பாசிட்டர்கள் நிரம்பியதும் வேறெங்கும் மின்சாரம் பாயவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இதற்கு எல்இடி பல்பு உதவாது, இழை உள்ள பல்பே வேண்டும்; இப்போது அதைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வெளியீட்டில் நின்ற நேர்மின்னழுத்தம் (டிசி) ஒரு சேனலில் 11 மில்லிவோல்ட், மற்றதில் 19. 50க்குள் இருந்தாலே போதும். ஆனால் பல்பு தொடரில் இருக்கும்போது பயாஸை முடிவாக அமைக்கக் கூடாது. மின்னோட்டம் கூடக்கூடப் பல்பு மின்னழுத்தத்தைக் கீழே இழுப்பதால், மீட்டரில் தெரியும் எண் உண்மையான நிலையைக் காட்டாது.

இனி பயாஸ். கிளாஸ் ஏபியில் ஒலி அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. சப்பரம் தூக்குவோர் தோள் மாற்றும்போது, புதிய தோள் ஏறும் வரை பழைய தோளும் சற்று நேரம் சேர்ந்தே தாங்கியாக வேண்டும். அந்தச் சேர்ந்து தாங்கும் பகுதியே ஓய்வு மின்னோட்டம். அது போதாதபோது அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறது. உரத்த ஒலியில் அந்த மடிப்பு மறைந்துவிடும். மெல்லிய ஒலியில்தான் காதை உறுத்தும். காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய ஒலிப்பதிவுகளைக் குறைந்த ஒலியில் வைத்து, நாகஸ்வரம் ஒரு நீண்ட சுரத்தை மெல்ல மெல்ல அடக்கிக்கொண்டே வரும் இடங்களைக் கேட்டால், பயாஸ் போதாத ஆம்ப்ளிஃபயர் அந்த அடங்கலில் ஒரு சொரசொரப்பைச் சேர்ப்பதை யாரும் உணரலாம்.

அப்படியானால் பயாஸைக் கூட்டிக்கொண்டே போகலாமா? எங்கள் பக்கத்தில் கோயில் கொடைகளுக்கு ரேடியோ செட் கட்டும் அண்ணாச்சி ஒருவர், போர்டைப் பார்க்க வந்தபோது, "தம்பி, கைய வச்சா சுடணும்லா, அப்பதான் சத்தம் கனமா வரும்" என்றார். இரவு முழுவதும் வில்லுப்பாட்டுக்குச் செட் ஓட்டிப் பழகியவரின் சொல்லை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அளந்தே பார்த்தேன். ஹியூலெட் பேக்கர்டின் பார்னி ஆலிவர் 1971இல் காட்டியபடி, ஒவ்வொரு எமிட்டர் ரெசிஸ்டரிலும் ஏறத்தாழ 26 மில்லிவோல்ட் விழும்போது, அதாவது டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் தடை வெளியே வைத்த ரெசிஸ்டருக்குச் சமமாகும்போது, தோள் மாற்றம் மிகச் சீராக நடக்கும். டிரான்சிஸ்டருக்குள் வேறு சிறு தடைகளும் இருப்பதால் நடைமுறையில் அந்த எண் இன்னும் சற்றுக் குறையும். லேப்டாப்பில் 96 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பதியும் சவுண்டு கார்டு ஒன்றை மின்தடைப் பிரிப்பான் வழியாக இணைத்து, ஸ்பீக்கருக்குப் பதிலாக வைத்த 8 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டரில், அதாவது லோடில், 1 வாட், அதாவது 2.83 வோல்ட், வரும்படி 5 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தேன். அந்த அதிர்வெண்ணில் பின்னூட்டத்தின் (வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுத் திருத்தும் சுற்றின்) பிடி 1 கிலோஹெர்ட்ஸில் இருப்பதைவிடத் தளர்வாக இருப்பதால் குறைகள் தெளிவாக வெளிவரும்.

ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் 8 மில்லிவோல்ட் வைத்தபோது, லேப்டாப் திரையில் 5 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் மடங்குகளின் கோடுகள், அதாவது ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்க்கும் பிழைகள், வேலிக்கம்புகளைப் போல நிமிர்ந்து நின்றன. 20க்கு ஏற்றியதும் ஏழாவது இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. ஐந்தாவது அரைகுறையாகத் தெரிந்தது. 40க்கு ஏற்றியபோது மூன்றாம் கோடு மறுபடியும் உயர்ந்தது. இருவரும் சேர்ந்து தாங்கும் பகுதியில் கிடைக்கும் பெருக்கமும் ஒருவர் மட்டும் தாங்கும் பகுதியில் கிடைக்கும் பெருக்கமும் வேறுபடுவதே அதற்குக் காரணம். கூடுதல் சூடு கூடுதல் தெளிவைத் தருவதில்லை என்பதை அந்தக் கோடுகளை நேரில் பார்த்த அண்ணாச்சியும் ஏற்றுக்கொண்டார். நான் 20இல் நிறுத்தினேன். அது 91 மில்லி ஆம்பியர். ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் சும்மா இருக்கும்போதே 3.7 வாட் சூட்டை வெளிவிடும். நான்குக்கும் சேர்த்து 15 வாட் என்பது, வீட்டுக்குள்ளேயே 37 டிகிரி நிற்கும் கத்திரியில் சிறிய தொகையன்று. அளக்கும்போது இரு எமிட்டர்களுக்கும் நடுவே மீட்டரை வைப்பது வசதியானது. இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து 40 மில்லிவோல்ட் காட்டும். இனி நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த 40ஐ அடிப்படையாகக் கொண்டவை.

இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. சூடு ஒரு டிகிரி ஏறினால் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. பயாஸுக்கு நாம் கொடுக்கும் மின்னழுத்தம் அதே அளவு குறையாவிட்டால் மின்னோட்டம் கூடும், அதனால் சூடு கூடும், அதனால் மின்னோட்டம் மேலும் கூடும். தடுக்காவிட்டால் டிரான்சிஸ்டர் வெந்துபோகும். இதைத் தடுக்கவே பிடி139ஐ ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பட்டையில்), இரு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்கும் நடுவே, மைகாவும் ஹீட் சிங்க் கம்பவுண்டும் வைத்துப் பொருத்துகிறோம். இரண்டு டிரைவர், இரண்டு வெளியீடு என நான்கு பேஸ்-எமிட்டர் சந்திகளுக்கும் சேர்த்து 2.3 வோல்ட் வேண்டியிருப்பதால், அது தன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிக் கொடுக்கிறது.

ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு 40 மில்லிவோல்ட் அமைத்தபின் இரண்டு சோதனைகள் செய்தேன். கிளாஸ் ஏபியில் அதிகச் சூடு முழுச் சக்தியில் எழுவதில்லை. அதற்கு வெகுவாகக் கீழே, பாதிக்கும் குறைவான சக்தியில்தான் எழுகிறது. அந்த அளவில் ஒரு நிமிடம் மட்டும் லோடுக்குச் சைன் அலை கொடுத்து நிறுத்தியதும் மீட்டர் 58 காட்டியது. சில்லும் அதன் உலோக அடியும் சூடேறிவிட்டன. கனமான ஹீட் சிங்க்கும் அதில் உட்கார்ந்திருக்கும் பிடி139உம் இன்னும் அதை அறியவில்லை. இரண்டாம் சோதனையில் அதே அலையை அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியபோது, ஹீட் சிங்க் 70 டிகிரியைத் தாண்டியிருந்தது. மீட்டரோ சில நொடிகளில் 12க்கு விழுந்து, சிங்க் ஆற ஆறத்தான் மெதுவாக மேலே ஏறியது. முதல் சோதனை தாமதத்தைக் காட்டியது. இரண்டாவது, தேவைக்கு மிஞ்சிய ஈடுகட்டலைக் காட்டியது. என் டிரைவர்கள் தனிச் சிறு சிங்க்குகளில் இருப்பதால், பெரிய சிங்க் சூடேறும்போது உண்மையில் குறைவது இரண்டு சந்திகளின் மின்னழுத்தம் மட்டுமே. பிடி139ஓ நான்கு சந்திகளுக்கான குறைப்பைச் செய்துகொண்டிருந்தது. ஓங்கி ஒலித்த பகுதி முடிந்து மெல்லிய ஆலாபனை தொடங்கும் நேரத்தில்தான் பயாஸ் மிகவும் வற்றிக் கிடக்கும் என்பது இதன் பொருள். இசைக்கு இதைவிடப் பொருந்தாத நேரம் வேறில்லை.

தாமதத்துக்கு மாற்று, பிடி139ஐச் சிங்க்கிலிருந்து எடுத்து 5200இன் முகப்பிலேயே, அதே துளையில் நீளமான திருகாணி போட்டு ஏற்றுவது. சில்லுக்கு அருகில் இருப்பதால் செய்தி உடனே சேரும். முதல் சோதனையில் 58 என்பது 46 ஆனது. மிகை ஈடுகட்டலுக்கு வேலையைப் பிரித்தேன். 1என்4148 டையோடு ஒன்றைப் பிடி139உடன் தொடரில் சேர்த்து, அதை டிரைவரின் சிங்க்கில் ஒட்டினேன். டையோடு 0.7 வோல்ட்டைத் தந்துவிடுவதால் பிடி139 1.6 வோல்ட் மட்டும் தந்தால் போதும். அதன் பெருக்கம் நான்கிலிருந்து ஏறத்தாழ 2.7க்கு இறங்குகிறது. கலெக்டர்-பேஸ் ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமிலிருந்து 1.2 கிலோ ஓமுக்கு மாற்றியதே இதற்கான முழு மாற்றம். பேஸ்-எமிட்டர் பக்கத்தில் 470 ஓமும் அதனோடு தொடரில் 1 கிலோ ஓம் மல்டி டர்ன் பிரீசெட்டும் பழையபடியே இருக்கின்றன. பிரீசெட்டை அந்தப் பக்கத்தில் வைப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு. அதன் உள்தொடர்பு என்றாவது விட்டுப்போனால் பிடி139 மின்னோட்டத்தை முழுதாகக் கடத்தி பயாஸ் அற்றுப்போகும். ஒலி கெடும், டிரான்சிஸ்டர்கள் பிழைக்கும். பிடி139இன் பேஸ் கம்பியோ டையோடின் கால்களோ விட்டுப்போனால் நடப்பது நேர்மாறானது. பயாஸ் உச்சத்துக்கு ஏறி, வெளியீட்டு ஜோடி ஒரு கணத்தில் போய்விடும். ஆகவே அந்தக் கம்பிகளுக்குக் கழற்றி மாட்டும் கனெக்டர் எதையும் வைக்காமல், குட்டையாக முறுக்கி, நேராக சால்டர் வைத்து, ஸ்லீவும் போட்டிருக்கிறேன். இந்த ஓரிடத்தில் வசதிக்கு இடம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மாற்றத்துக்குப் பின் ஒரு நிமிடச் சோதனையில் 45. அரை மணி நேரச் சோதனையில் 34, அங்கிருந்து பத்து நிமிடத்துக்குள் 40க்குத் திரும்பியது. ஒரு ரெசிஸ்டருக்கு 20ஐ ஒட்டிய சில மில்லிவோல்ட் ஏற்ற இறக்கத்தில் லேப்டாப் திரையில் கோடுகள் அசையவே இல்லை என்பதால் இதை நிறைவான நிலையாகக் கொள்கிறேன். மின்சாரம் 200க்கும் 245க்கும் இடையே ஆடும்போதும் மீட்டர் ஒன்றிரண்டு எண்களுக்கு மேல் நகரவில்லை. மின்னழுத்தப் பெருக்க நிலைக்கு நிலையான மின்னோட்ட மூலம் வைத்ததும், பிடி139இன் கலெக்டரில் 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்ததும் அதற்கு உதவின.

இரண்டாம் சேனலும் அதே முறையில் அமைந்துவிட்டது. அதில் டையோடு ஒட்டிய இடம் சற்றுத் தள்ளிப் போனதால் நீண்ட சோதனையில் 31 வரை இறங்கியது. ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்து, அறையின் வெப்பநிலை 28 டிகிரிக்கு இறங்கிய பிறகு, இரண்டையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் அளந்தேன். கத்திரியில் 40ஆக வைத்தவை 36, 37 எனக் காட்டின, பிரீசெட்டைத் தொடவில்லை. வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே போர்டு இன்னும் பெட்டிக்குள் ஏறவில்லை. அது வேலை செய்யும் வரை பழைய 8 அங்குல ஸ்பீக்கர்களையே இணைத்திருக்கிறேன்.