வையோஸ் ரூட்டரில் ஐபி மாற்றும்போது: 'செட்' பழையதை அழிக்காது

வையோஸ் (ரூட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் ரூட்டரின் இன்டர்நெட் இணைப்புக்குப் புதிய ஐபி முகவரி வந்தது. பழையது அன்றிரவே நிறுத்தப்படும் என்றார்கள். தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியே ரூட்டருக்குள் நுழையும் முறை) வழியே மாற்றிவிடலாம் என்று தொடங்கிய வேலை, ரூட்டரில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்த்தான் முடிந்தது.

புதிய முகவரி, புதிய கேட்வே (இன்டர்நெட்டுக்கு வெளியேறும் வாசல்) இரண்டையும் 'செட்' செய்து, மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் 'கமிட்' கொடுத்தேன். உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் நேட், வெளி முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும் மாஸ்கரேடில் இருந்ததால் அதைத் தொடத் தேவையில்லை.

இரவு பழைய கேட்வே நின்றதும் சில தளங்கள் திறந்தன. சில எத்தனை முறை முயன்றும் திறக்கவே இல்லை. 'ஷோ ஐபி ரூட்' கொடுத்தால் 0.0.0.0/0-க்கு (இன்டர்நெட்டுக்கான இயல்பு வழி) இரண்டு வரிகள், இரண்டிலும் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி. முகவரி, நெக்ஸ்ட்-ஹாப் (அந்த வழியின் கேட்வே) இரண்டுமே பல மதிப்புகளை ஏற்பவை. 'செட்' கூடுதலாக ஒன்றைச் சேர்க்கும், அவ்வளவுதான். பழைய முகவரி இன்டர்ஃபேஸில் இருக்கும்வரை பழைய கேட்வே செத்துப்போனது கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) தெரியாது. எந்த கேட்வே வழியே அனுப்புவது என்பதை அனுப்புநர், பெறுநர் ஐபிகளை வைத்து அது முடிவு செய்வதால், பழைய கேட்வேயில் மாட்டிய தளம் மாட்டியதுதான். 'கமிட்'டுக்கு முன், மாற்றங்களைக் காட்டும் 'கம்பேர்' போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்: + வரிகள் மட்டும் இருக்கின்றன, - வரி ஒன்றுகூட இல்லை என்றால் பழையது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்ததுதான் பெரிய அடி. பழையவற்றை 'டெலீட்' செய்து, பாதுகாப்புக்காக 'கமிட்-கன்ஃபர்ம் 5' (ஐந்து நிமிடத்துக்குள் 'கன்ஃபர்ம்' கொடுக்காவிட்டால் மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை) கொடுத்தேன். எல்லாம் சரியாக ஓடியது. சோதித்துக்கொண்டிருந்ததில் 'கன்ஃபர்ம்' கொடுக்க மறந்துவிட்டேன். ஐந்தாவது நிமிடம் ரூட்டர் ரீபூட் ஆனது. அது திரும்பிப் போவது முந்தைய 'கமிட்'டுக்கு அல்ல, கடைசியாக 'சேவ்' செய்த கோப்புக்கு. மாலையில் சேர்த்த புதிய முகவரியை நான் 'சேவ்' செய்யவே இல்லை. பழைய முகவரியும் செத்த கேட்வேயும் மட்டும் மிஞ்சின. வெளியிலிருந்து உள்ளே போக வழியே இல்லை.

கன்சோலில் வேகம் 115200 வைத்தால் லாகின் வரும்.

அடுத்த முறை வரிசை இதுதான்: புதியதைச் சேர்த்து 'கமிட்', புதிய முகவரி வழியே இன்னொரு எஸ்எஸ்ஹெச் திறந்து பார்த்து, உடனே 'சேவ்'. அதன் பிறகே பழையதை 'டெலீட்' செய்து 'கமிட்-கன்ஃபர்ம்'. எண் எதுவும் கொடுக்காவிட்டால் 10 நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் 'கன்ஃபர்ம்' கொடுக்கும் முன் 'சேவ்' மட்டும் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் தப்பான கான்ஃபிகே ரீபூட்டுக்குப் பின்னும் வந்து நிற்கும். முதலில் 'கன்ஃபர்ம்', பிறகு 'சேவ்'.