90 சென்டிமீட்டர்

நர்ஸ் என் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். 92. "உங்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும்" என்றார். போன மாதம் இதே அளவோடு போன வெள்ளைக்கார நண்பரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு எல்லை 94. அந்த 'உங்களுக்கு' சுருக்கென்று தைத்தது. இங்கேயும் நமக்கு வேற அளவா?

அவர் பொறுமையாக விளக்கினார். தெற்காசிய உடம்பில் கொழுப்பு வயிற்றுக்குள்ளே சேருமாம். எடை அதிகம் ஏறாமலே, சின்ன வயதிலேயே சீனி வியாதி வந்துவிடலாம். எல்லோருக்கும் ஒரே எல்லை வைத்தால் கண்ணில் படாமல் போவது நாங்கள்தான். கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை 5 வருஷத்துக்கு ஒருமுறை இந்த இலவச உடல்நலப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். கூட வேலை செய்யும் நைஜீரிய நண்பர் எந்தப் பரிசோதனைக்கும் போனதில்லை. பிரிட்டனில் கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு புரொஸ்டேட் புற்றுநோய் வருகிறது. மொத்த ஆண்களில் அது 8 பேரில் ஒருவருக்கு. சொன்னேன். "ஒருநாள் சம்பளம் போயிடுமே" என்றார்.

லெஸ்டர் வந்து 11 வருஷம். எல்லாம் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நண்பரின் அந்த ஒரு வார்த்தை என்னை இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், செடிகளைக் கத்தரிக்கிற வேலை. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிள்ளைத்தாச்சிகளுக்கு ஒரு நாள், பிள்ளைமடுவத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட ஒரு நாள். ஆம்பளைகளுக்கென்று ஒரு நாள் இருந்ததே இல்லை. கத்தி பட்டால் மட்டும் போவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடுமே. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் முன்னால் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கிக்கொண்டே சாயத்தண்ணி குடிப்பார். 54 வயதில் மலையிலேயே விழுந்தார். பாரிசவாதம். அவருக்குப் பிரஷர் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

இப்போது அங்கேயும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 35 கடந்தவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. 2011இல் தொடங்கியது. போகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான்.

நர்ஸைப் பார்த்த அன்று இரவே அண்ணனுக்கு போன் எடுத்தேன்.

"எனக்கு ஒன்னும் இல்லடா தம்பி."

"சரிண்ணே, இடுப்ப மட்டும் அளந்து சொல்லுங்க."

வீட்டில் டேப் இல்லை. அண்ணிதான் கூடைக் கயிற்றை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகும்போது தையல்காரரிடம் அளந்து சொல்கிறேன் என்றார். வீட்டுக் காம்பரா கதவு ஆணியில் தொங்கும் அந்தக் கயிற்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.