பெங்களூரா மாம்பழ ஜாம்: பெரிய பாட்டில் வேண்டாம்

ஆனியில் பெங்களூரா வரத்து கூடினால் கிருஷ்ணகிரிப் பக்கம் வீடுகளில் ஜாம் அடுப்பேறும். பக்குவமாகக் கிண்டிவிட்டு, "எதற்குத் தனித்தனியாக" என்று ஒரு லிட்டர் பாட்டிலில் மொத்தமாக ஊற்றி மூடுவதுதான் தப்பு.

ஜாம் ஊற்றி மூடிய பாட்டிலைக் கெடாமல் இருக்கக் கொதிநீரில் மூழ்கவைத்து எடுக்க வேண்டும். ஜாம் கெட்டியானது. கொதிநீரின் சூடு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத்தான் போகும். பரிசோதித்துச் சொல்லப்பட்ட கொதிநீர் நேரமெல்லாம் கால் லிட்டர், அரை லிட்டர் பாட்டிலுக்கானது. லிட்டர் பாட்டிலுக்கு நேரத்தை இரட்டிப்பாக்குவது வெறும் ஊகம். ஆறும்போதும் அதன் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே கிடந்து, ஜாமை உறையவைக்கும் பழச்சத்தான பெக்டின் உடைந்து, ஜாம் கருத்து இளகும். அதனால் அரை லிட்டரைத் தாண்டவே வேண்டாம். நான் சொல்வது கால் லிட்டர்தான், திறந்தால் சீக்கிரம் தீரும். பெரிய பாட்டில் மட்டும்தான் இருக்கிறதா? நேராக ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

அளவு: கூழ் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், சிட்ரிக் அமிலம் 5 கிராம். கூழில் கால் பங்கு செங்காயாக இருக்கட்டும். நன்கு கனிந்த பழத்தில் பெக்டினும் புளிப்பும் குறைவு. அமிலத்தைக் கடைசியில் சேருங்கள், முதலிலேயே போட்டு நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சிதையும். ஆனால் விட்டுவிடாதீர்கள். கிருமியைத் தடுப்பதில் சர்க்கரைக்கு இணையான பங்கு புளிப்புக்கு உண்டு.

பதம் பார்க்கத் தராசே நம்பகமானது. வெறும் சட்டியின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1,750 கிராம் வற்றி 1,350 கிராம் அளவுக்கு வந்தால் சர்க்கரைச் சத்து 65 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். கரண்டியைச் சாய்த்தால் விளிம்பில் இரண்டு சொட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து, தகடு போல வழுகி விழும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 105 டிகிரிக்குக் காத்திருக்காதீர்கள், அது கடலோரக் கணக்கு. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். கிருஷ்ணகிரியில் 103, ஓசூரில் 102 போதும். அதற்கு மேல் போனால் ஜாம் இறுகிப்போகும், சர்க்கரையும் பூக்கும்.

பாட்டிலை வெந்நீரிலேயே சூடாக வைத்திருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் அடி விட்டுப்போகும். மேலே கால் அங்குலம் இடம் விட்டு, காற்றுக் குமிழை மெல்லிய குச்சியால் எடுத்து, வாயை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு சொட்டு ஜாம் விளிம்பில் ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. உள்வளையம் புதிதாக உள்ள தகர மூடியை விரல் பலத்தில் மட்டும் திருகுங்கள். பானையின் அடியில் துணி மடித்துப் போட்டு, மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்க, தளதளவென்று கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம். கடலோரத்தில் 5 நிமிடம் போதும், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி உயரத்துக்கு 10 வேண்டும்.

எடுத்ததும் கவிழ்க்க வேண்டாம், அசையாமல் ஆறட்டும். மறுநாள் மூடியின் நடுவில் விரலால் அழுத்துங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது. "டிக்" என்று எழும்பினால் அந்தப் பாட்டில் ஃபிரிட்ஜுக்கு. பூஞ்சை கண்ட ஜாமில் மேலே மட்டும் வழித்தெடுத்துச் சாப்பிடாதீர்கள், அதன் நஞ்சு உள்ளேயும் இறங்கியிருக்கலாம். பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.