அப்புனு மலையேறிய கதை

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டு மலைக்குப் புறப்பட்டோம். ஞாயிறு மாலை அதே ஐந்தரைக்கு வீடு திரும்பினோம். இந்த 36 மணி நேரத்தில் மலையில் நடந்ததைவிட, அதற்கு முந்தைய ஒரு வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த விவாதமே பெரிது. கூடாரத்தை முதுகில் சுமந்து மலைக்காட்டில் இரவு தங்கப் போகிறவர்கள் எங்கள் நாய் அப்புனுவையும் உடன் அழைத்துச் செல்லலாமா, கூடாதா என்பதே விவாதப் பொருள். கூடாது என்ற கட்சியில் நான் ஒருவன். எதிர்க்கட்சியில் மனைவி, மகள், மைத்துனன், மலைக்கே வராத மாமியார். அப்புனு யார் பக்கமும் சேராமல் மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் சும்மா மறுக்கவில்லை; காரணங்களை வரிசையாக எடுத்து வைத்தேன். காப்புக்காட்டுக்குள் நாயோடு போனால் வனக்காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். நண்பரின் சொந்தக் காப்பித் தோட்டத்தில்தானே தங்கப் போகிறோம் என்று மைத்துனன் அந்த வாசலை அடைத்தான். ஏற்காட்டுத் தோட்டங்களில் காட்டெருமை சர்வசாதாரணமாக நடமாடுகிறது, நாய் குரைத்து அதைச் சீண்டிவிட்டு, அது துரத்தியதும் நேராக நம் காலடிக்குத்தான் ஓடி வரும், விருந்தாளியையும் அழைத்துக்கொண்டு வரும் என்றேன். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோயால் 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் இறந்ததையும், நம் நாய் காட்டு விலங்குகளுக்கு நோயைக் கொண்டுபோகக்கூடும் என்பதையும் உருக்கமாக எடுத்துரைத்தேன். "ஏற்காட்டில் சிங்கமே இல்லையேப்பா" என்று மகள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அப்புனுவுக்கு அந்தத் தடுப்பூசி ஆண்டு தவறாமல் போடப்படுகிறது என்பதை மனைவி ஊசிச் சீட்டோடு நிரூபித்தாள். மாமியாரோ, சென்ற முறை அதைக் காப்பகத்தில் விட்டபோது இரண்டு நாள் சோறு தொடவில்லை என்று கண்கலங்கினார். அதே இரண்டு நாளும் எனக்குப் பல்வலி, நானும் சோறு தொடவில்லை. அது எவர் நினைவிலும் இல்லை.

வேறு வழியின்றிக் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் தேதியைப் பார்த்தார், உண்ணிக்கு மாத்திரை கொடுத்தார், வெங்காயமும் காப்பிப் பழமும் நாயின் வாயில் படவே கூடாது என்றார். வெங்காயம் என்றதும் மனைவி மைத்துனனைப் பார்த்தாள். மாலை வேளையில் வெங்காயம் வைத்த தட்டுவடை செட்டில் யார் யாருக்குப் பங்கு கொடுக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த செய்தி. சுமையைப் பற்றிக் கேட்டபோது, பழகாத நாய் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு சுமந்தாலே அதிகம் என்றார். அப்புனுவின் எடை 18 கிலோ. ஆகவே இரண்டு கிலோவுக்கும் குறைவாகச் சுமக்கத்தக்க, இருபுறமும் தொங்கும் பை ஒன்றை மகள் வரவழைத்தாள். அதை முதுகில் கட்டியதும் அப்புனு நான்கு கால்களையும் தரையில் ஊன்றி, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, கோயில் வாசல் கல்நந்தியைப் போல நின்றுவிட்டது. பையைக் கழற்றிய பிறகே வாலுக்கு உயிர் வந்தது. அந்தப் பை யார் தோளுக்குப் போனது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. மூன்று லிட்டர் தண்ணீர், தயிர்சோறு, அதன் கம்பளி, அதன் கிண்ணம், போகிற வழியில் அது கழிப்பதை அள்ளிவரும் உறைகள் என்று என் சுமை மட்டும் பெருகிக்கொண்டே போனது.

அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதில் அப்புனு வாந்தியெடுத்தது; அதைப் பார்த்து ஒன்பதாவதில் மகளும் எடுத்தாள். நாகலூர்ப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், சிவந்து தொங்கும் காப்பிப் பழங்கள், மூச்சு விட்டால் புகையும் குளிர் என்று காட்சி அருமையாகத்தான் இருந்திருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை எந்தப் பழத்தை முகர்கிறது என்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் அப்புனு உட்கார்ந்துவிட்டது. பாதத்தைப் புரட்டிப் பார்த்தால், விரல்களுக்கு நடுவே முள் ஒன்று ஏறியிருந்தது. முள்ளை எடுத்த பிறகும் அது எழவில்லை. அரை கிலோமீட்டர் தூரம் அதைக் கழுத்தில் ஆட்டுக்குட்டி போலப் போட்டு நடந்தேன். எதிரில் வந்த தோட்டத் தொழிலாளி அம்மா ஒருவர், "பாவம், நடக்க மாட்டேங்குதுங்களா?" என்று விசாரித்தார். அந்தப் பாவம் என்னைக் குறிக்கவில்லை.

இரவு பதினொன்று இருக்கும். கூடாரத்துக்கு வெளியே கிளை முறியும் ஓசையும், துருத்தி ஊதுவது போன்ற மூச்சும் கேட்டன. துணியை விரலளவு விலக்கி டார்ச்சை அடித்தேன். இருபதடி தூரத்தில், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நான்கு கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே வெளிச்சம் போகவில்லை, என் துணிவும் போகவில்லை. காட்டெருமைக் கடா என்றால் ஒரு டன் வரை எடை இருக்கும் என்று எங்கோ படித்தது அப்போதா நினைவுக்கு வர வேண்டும்? கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பியைத் தெருமுனையிலிருந்தே குரைத்து விரட்டும் அப்புனு, காவலுக்கு வந்த அப்புனு, என் உறக்கப் பைக்குள் தலைகீழாகப் புகுந்து, ஈர மூக்கை என் பாதத்தில் அழுத்தியபடி மூச்சுக்கூட விடாமல் கிடந்தது. குரைத்துக் கெடுக்கும் என்ற என் வாதமும், குரைத்துக் காக்கும் என்ற மனைவியின் வாதமும் ஒரே நேரத்தில் செத்தன. காட்டெருமை எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துவிட்டுப் போனது. பைக்குள்ளிருந்து அதை வெளியே இழுக்க எனக்கு மனம் வரவில்லை. கால் மரத்துப் போய் விடியும்வரை அப்படியே படுத்திருந்தேன்.

வீடு திரும்பியதும் உண்ணிச் சோதனை. மாமியார் திண்ணையில் விளக்கைப் போட்டு அப்புனுவை மடியில் கிடத்தி, காது மடலுக்குள், அக்குளில், விரலிடுக்கில் என்று முடியைக் கோதிப் பார்த்தார். ஆமணக்கு விதை போல உப்பிய ஒன்று காதடியில் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றவரைத் தடுத்து, தோலை ஒட்டிச் சாமணத்தால் பற்றி, நசுக்காமல் நேராக இழுத்து எடுத்தேன். என் முழங்காலின் பின்புறமும் அரிக்கிறது என்றேன். குளித்தால் போய்விடும் என்றார்.

அடுத்த மாதம் மீண்டும் போகலாம் என்று மகள் கூடாரப் பையின் ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அப்புனு மடியிலிருந்து குதித்து, கட்டிலுக்கடியில் சுவரோரம் போய் முகத்தை மூடிக்கொண்டது. கூடம் அமைதியானது. இனி அதை மலைக்கு அழைத்துப் போகவே கூடாது என்று ஒரு நிமிடத்தில் ஒருமனதாக முடிவாயிற்று.

"வாயில்லா ஜீவன், எவ்வளவு தெளிவாச் சொல்லுது பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். நான் சாமணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.