வெள்ளைக் கோடு

தலைப்பு எழுத்து வரையும் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்லைன் வகைதான். தடித்த எழுத்தின் உடம்புக்குள் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு நெடுக ஓடும். அந்த ஒரு கோடு போதும், 1920களின் போஸ்டரும் தியேட்டர் முகப்பும் கண்முன் வந்துவிடும். தடித்த எழுத்தை வரைந்துவிட்டு நடுவில் ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு முக்கால்வாசி நேரம் போவது அந்தக் கோட்டுக்குத்தான்.

ஆங்கில எழுத்துகளில் ‘ஐ’, ‘எல்’ எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். ‘கே’ அப்படியில்லை. செங்குத்துத் தண்டும் இரண்டு சாய்வுக் கால்களும் கூடுகிற இடத்தில் மூன்று வெள்ளைக் கோடுகளையும் சேர்த்துவிட்டால், அங்கே ஒரு வெள்ளைத் திட்டு விழும். எழுத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். நான் தண்டின் கோட்டைத் தடையில்லாமல் ஓடவிட்டு, கால்களின் கோடுகளைக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுவேன். நடுவில் விடுகிற கறுப்பு, கோட்டின் இருபுறமும் இருக்கிற கறுப்பின் அகலத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ‘கே’யில் எடுத்த இந்த முடிவை ‘ஆர்’, ‘பி’, ‘எம்’ எல்லாவற்றிலும் காப்பாற்றியாக வேண்டும். குடும்பச் சாயல் அங்கேதான் உருவாகிறது.

‘எஸ்’ இன்னொரு தினுசு. மென்பொருளில் ஆஃப்செட் கட்டளை, அதாவது விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் கோடு போடும் கட்டளை, கொடுத்தால் நொடியில் உள்கோடு வந்துவிடும். ஆனால் அது கணக்குக்குத்தான் நடு, கண்ணுக்கு நடு இல்லை. வளைவு தடிக்கிற இடத்தில் கோடு ஒரு பக்கம் ஒதுங்கியதுபோல் தெரியும். அதைக் கையால்தான் நகர்த்த வேண்டும். கறுப்புக்குள் இருக்கும் வெள்ளை, அதே அகலக் கறுப்பைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால் கோட்டை ஒரு சுற்று மெலிய வைப்பதும் என் வழக்கம்.

தயங்கும்போதெல்லாம் முன்னோடிகளைத்தான் எடுத்துப் பார்ப்பேன். ஜெர்மன் எழுத்து வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோக் 1923-இல் வெளிவந்த நொய்லாண்ட் எழுத்துகளை முன்வரைவு இல்லாமல் நேராக உலோகத்திலேயே வெட்டினார். அதனால் அளவுக்கு அளவு வடிவம் லேசாக மாறும். அதன் இன்லைன் வடிவத்திலும் அந்தக் கைவாசனை அப்படியே இருக்கிறது. ஜான் பீட்டர்ஸ் வரைந்த காஸ்டெல்லர் (1957) வேறு வழியில் போகிறது: கோடு நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்குவதால் கல்லில் செதுக்கிய எழுத்தில் வெளிச்சம் விழுந்ததுபோல் இருக்கும். கோட்டின் இடத்தைக் கொஞ்சம் மாற்றினாலே எழுத்தின் குணம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

வாடிக்கையாளர்கள் மனம் பறிகொடுத்துவிட்டு, இதையே விசிட்டிங் கார்டின் முகவரி வரிக்கும் கேட்பார்கள். அப்போது கணக்குப் போட்டுக் காட்டுவேன். எழுத்தை வரைகிற 1000 அலகு உயரக் கட்டத்தில் கோட்டின் அகலம் 24 அலகு என்றால், 72 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் அது சுமார் 0.6 மில்லிமீட்டர்; 12 புள்ளியில் 0.1 மில்லிமீட்டர்தான். வழவழப்பில்லாத தாளில் மை கொஞ்சம் பரவினாலே அந்த வெள்ளைக் கோடு அடைபட்டுவிடும். அதுவும் ‘ஏ’யின் உச்சியில் முதலில் அடையும்.

சரி, சின்ன அளவுக்கு என்ன செய்வது? கோடில்லாத முழு எழுத்து ஒன்றையும் கூடவே கொடுக்கிறேன். எழுத்தகலமும் கெர்னிங்கும் (குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளுக்கு இடையே சரிசெய்கிற இடைவெளி) இரண்டுக்கும் ஒன்றே. கோட்டை மட்டும் தனி லேயராக மேலே வைத்து வேறு நிறம் கொடுத்தாலும் ஒரு எழுத்துகூட விலகாது.