டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச்: எந்த முனையில் எது ஏறும்?

கேபிளின் ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸிலும் (ஒரே நேரத்தில் அனுப்பும், பெறும்) மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸிலும் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இருந்தால் அதுதான் டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச். சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சி.சி.என்.ஏ. 200-301-க்குப் படிப்பவர்கள் இந்தப் போர்ட் பிழைகள் பகுதியைப் பெரும்பாலும் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். ஃபிரேம் (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டாத் துண்டு) ரன்ட் என்றால் 64 பைட்டுக்குக் குறைவு, ஜயன்ட் என்றால் 1518 பைட்டுக்கு மேல் என்று. சரி, அது வேண்டியதுதான். ஆனால் போர்ட்டின் பிழை எண்ணிக்கைகளைக் காட்டும் "ஷோ இன்டர்ஃபேசஸ்" கட்டளையின் வெளியீட்டைக் கொடுத்துக் காரணம் கேட்டால் பட்டியல் மட்டும் போதாது. எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: இந்த எண்ணிக்கை கேபிளின் எந்த முனையில் ஏறுகிறது?

ஹாஃப் டூப்ளெக்ஸ் முனை, லைன் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பும். ஃபுல் முனைக்கு அந்தக் கவலை கிடையாது, நினைத்தபோது அனுப்பும். ஹாஃப் முனை 64 பைட்டைத் தாண்டி அனுப்பிக்கொண்டிருக்கும்போது எதிரிலிருந்து ஒரு ஃபிரேம் வந்தால், அதை லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) என்று கணக்கிட்டுப் பாதியில் நிறுத்திவிடும். அந்த அரைகுறை ஃபிரேம் ஃபுல் முனையில் சி.ஆர்.சி. பிழையாகவோ (ஃபிரேம் சிதைந்து வந்ததைக் காட்டும் பிழை) ரன்ட்டாகவோ பதிவாகும். இந்த ஜோடியைப் பார்த்தால் யோசிக்காமல் டூப்ளெக்ஸைச் சந்தேகிக்கலாம்.

லேபில் இதை நீங்களே உருவாக்கிப் பாருங்கள். ஒரு 100 எம்.பி.பி.எஸ். போர்ட்டில் "ஸ்பீட் 100", "டூப்ளெக்ஸ் ஃபுல்" கொடுங்கள். மறுமுனையை ஆட்டோவிலேயே (எதிர்முனையோடு பேசித் தானே முடிவுசெய்யும் அமைப்பில்) விடுங்கள். ஆட்டோ முனை சிக்னலை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாததால் ஹாஃபுக்கு இறங்கிவிடும். "ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்" அடித்தால் அங்கே "ஏ-ஹாஃப்" என்று தெரியும். அந்த "ஏ" ஆட்டோவில் முடிவானதைக் குறிக்கிறது. இருபுறமும் சி.டி.பி. (அடுத்திருக்கும் சாதனத்தோடு விவரம் பகிரும் சிஸ்கோ நெறிமுறை) ஓடினால் மிஸ்மேட்ச் என்று லாக்கிலும் வரும். லிங்க் அப், பிங் போகும், பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் மட்டும் நத்தை வேகம். ஆளை அலைக்கழிப்பது இதுதான். வேகம் பொருந்தாவிட்டால் லிங்கே வராது, அது பரவாயில்லை.

சோதிக்கும் முன் "கிளியர் கவுண்டர்ஸ்" கொடுத்துவிடுங்கள். என்றோ ஏறிய பழைய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். இப்போது ஏறுகிறதா என்பதே முக்கியம். இரு முனையும் ஃபுல்லாக இருந்து சி.ஆர்.சி. மட்டும் ஏறினால், முதலில் கேபிளை மாற்றுங்கள், அப்புறம் போர்ட்டை.

தேர்வில் இன்னொரு வலை: ஹப்போடு (வரும் சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும் சாதனம்) இணைந்த ஹாஃப் போர்ட்டில் சாதாரண கொலிஷன் இருந்தால் அது பிழையே அல்ல. லேட் கொலிஷன் இருந்தால் டூப்ளெக்ஸையோ அளவுக்கு மீறிய கேபிள் நீளத்தையோ பாருங்கள்.