மலேரியா சேவைக்குச் செலவுக் கணக்கு கொடுத்த அனுபவம்

எங்கள் கிராம மலேரியா சேவையின் செலவு அறிக்கை ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கணக்குப் பிரிவில் பட்ட பாடு மனசை விட்டுப் போகவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மருந்துக் கணக்கில் சிக்கலே இல்லை. பில்லும் இருப்புப் பதிவேடும் சரியாக இருந்தன.

பரிசோதனைக் கிட்டில்தான் முதல் முட்டுக்கட்டை. "நோயாளிங்க இவ்வளவுதான், கிட் மட்டும் ஏன் இத்தனை? மீதி எங்கே போச்சு?" என்று கேட்ட அலுவலர், வீண் செலவு என்று குறித்துக் கோப்பைத் திருப்பிவிட்டார். காய்ச்சலோடு வருகிறவருக்குப் பரிசோதித்த பிறகே மலேரியா மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. விரலில் குத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, 'மலேரியா இல்லை' என்று தெரிந்துகொள்ளவும் ஒரு கிட் வேண்டும். எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. நெகட்டிவ் வந்தவர்களின் பதிவை நகலெடுத்து வரிவரியாக எண்ணிக் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. பாசிட்டிவ் மட்டும் எழுதும் பழக்கம் உங்கள் பணியாளர்களிடம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்தது வண்டி. மேற்பார்வைக்கும் மருந்து கொண்டுபோகவும் ஓடிய அதே வண்டி தடுப்பூசிப் பணிக்கும் போயிருந்தது. லாக் புக்கிலோ 'களப்பணி' என்ற ஒரே சொல்தான். எந்த ஓட்டம் எதற்கு என்று ஓட்டுநரையும் செவிலியரையும் உட்காரவைத்துப் பிரிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வண்டி கிளம்பும்போதே காரணத்தை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

என்னை உண்மையிலேயே நோகடித்தது தன்னார்வலர்களின் நேரம். "சம்பளமே கிடையாதே, பூஜ்ஜியம் போடுங்க" என்றார்கள். ஃபால்சிபேரம் என்ற வகை மலேரியா என்றால் பெரும்பாலும் மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகைக்கோ பிரைமாகுயின் மாத்திரை வழக்கமாக 14 நாள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். வைவாக்ஸில் அப்படி விட்டால் கல்லீரலில் தங்கிய கிருமி பிறகு மறுபடி கிளம்பும். மாத்திரையை முழுதாகச் சாப்பிடவைக்க வீடு வீடாக ஏறி இறங்குகிற தன்னார்வலர், அந்த நேரத்துக்குத் தன் சொந்த வேலையின் வருமானத்தை இழக்கிறார். அதற்கு எப்படிப் பூஜ்ஜியம் போட முடியும்? அந்த ஊரின் தினக்கூலியை அடிப்படையாக வைத்து மதிப்பிட்டு, 'ரொக்கமாகக் கொடுக்காத செலவு' என்று தனிப் பத்தியாகச் சேர்த்தேன். மொத்தத்தோடு கலக்காததால் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய வெற்றி. நோயாளியின் வழிச்செலவுக்கும் இழந்த கூலிக்கும் படிவத்தில் இடமே இல்லை. இணைப்பாகக் கொடுத்திருக்கிறேன், படித்தார்களா என்று தெரியாது.

கடைசியில் மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு நோயாளிக்கான செலவு போன வருஷத்தைவிட எப்படிக் கூடுச்சு?" நோயாளிகள் குறைந்ததால்தான் கூடியது. பயிற்சி, மேற்பார்வை, கையிருப்பு எதையும் நோய் குறைந்ததென்று நிறுத்த முடியாது. நிறுத்தினால் மலேரியா திரும்பிவிடும். மொத்தச் செலவை, சேவை எட்டும் மக்கள்தொகையால் வகுத்துக் காட்டினேன். அப்படிப் பார்த்தால் தலைக்கான செலவு கூடவே இல்லை. அந்த அட்டவணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. நீங்கள் அதை முதல் பக்கத்தில் வையுங்கள்.